எக்செல்லில் தேதியும் நேரமும் மாறிப்போகாமல் தரவை ஏற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேரன்மகாதேவிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தையும் அன்றைய மழையளவையும் தினமும் காலையில் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். பல வருஷப் பழக்கம். அவருடைய மகள் அந்த நோட்டைப் பார்த்து ஒரு செல்போன் செயலியில் எல்லாவற்றையும் ஏற்றி, சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்துக் கொடுத்தாள். ஒரு கணினி மையத்தில் அதைத் திறந்து, சேமித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி அந்தத் தாளோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, இது ஜூன் ஒண்ணாந்தேதி மட்டம். கார் நடவுக்குத் தண்ணி வருமான்னு பாத்துக்கிட்டு இருந்த சமயம். இதுல ஜனவரி ஆறுன்னுல்லா போட்டிருக்கு?"

அவர் சொன்னது சரி. நோட்டில் 01/06 என்று இருந்தது. தாளில் ஜனவரி 6 என்று இருந்தது. நீர்மட்டத்தில் தவறில்லை, தேதிதான் ஐந்து மாதம் பின்னால் போயிருந்தது. கார் பருவத்துக் கணக்கு இன்னொரு நெல் பருவமான பிசானத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எந்தச் செல்லிலும் சிவப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை. தேதிக் கோளாறில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். கூட்டல் தப்பினால் யாராவது கண்டுபிடிப்பார்கள். தேதி மாறினால் அதுவும் ஒரு நல்ல தேதி மாதிரியே தெரியும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைச் சொல்லத்தான்: தேதியை ஊகிக்கும் வேலையை மென்பொருளிடம் விடாதீர்கள். அதை எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்து, என்ன வரிசை என்று நீங்களே சொல்லி மாற்றுங்கள். ஃபார்முலாக்களின் பெயரை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். 2024 ஜனவரி 1 என்பது 45292. 2025 ஜனவரி 1 என்பது 45658. நேரம் என்பது அந்த நாளின் பின்னம். நண்பகல் 0.5, காலை 6 மணி 0.25, காலை 8.30 என்றால் 0.354 சொச்சம். திரையில் நாம் பார்க்கும் சாய்வுக்கோடு, மாதப்பெயர் எல்லாம் அந்த எண்ணுக்குப் போட்ட சட்டைதான்.

இந்தக் கணக்கில் ஒரு பழைய பிழையும் உண்டு. 1900 லீப் வருஷம் இல்லை. ஆனால் எக்செல்லில் 60 என்ற எண்ணுக்குத் தேதி வடிவம் கொடுத்துப் பாருங்கள், 1900 பிப்ரவரி 29 என்று வரும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, அதிலிருந்த பிழையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

சரி, இப்போது 03/04/2024 என்ற எழுத்தைப் பாருங்கள். நமக்கு அது ஏப்ரல் 3, அதாவது 45385. அமெரிக்க அமைப்புள்ள கணினிக்கு அது மார்ச் 4, அதாவது 45355. கோப்பைத் திறந்த நொடியிலேயே எழுத்து எண்ணாக மாறிவிடும். மாறினபிறகு அந்த எண்ணுக்குத் தான் எந்த வரிசையில் எழுதப்பட்டிருந்தோம் என்ற நினைவு கிடையாது. அப்புறம் நீங்கள் செல்லின் வடிவத்தை எத்தனை தடவை மாற்றினாலும் சட்டைதான் மாறும், ஆள் மாறாது.

இதில் எத்தனை தேதி மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 365 நாளில், நாள் எண் 12-க்குள் வரும் தேதிகள் மாதத்துக்கு 12, மொத்தம் 144. அதில் 05/05, 06/06 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக இருப்பவை 12. அவை தப்பித்துக்கொள்ளும். மீதி 132 தேதிகள் சத்தமில்லாமல் புரண்டுவிடும். நாள் எண் 12-க்கு மேல் உள்ள 221 தேதிகளை அந்தக் கணினியால் தேதியாகவே படிக்க முடியாது. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. அதனால் அவை எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே பத்தியில் (மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசையில்) பாதிக்கு மேல் எழுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பான தேதி. அண்ணாச்சியின் கோப்பு அப்படியேதான் இருந்தது.

பத்தியைச் சோதிப்பது

கோப்பைத் திறந்ததும் பத்தியைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். நீங்கள் இடது, வலது என்று எதுவும் போடாதவரை, உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்பது இடப்பக்கம். சில இடமும் சில வலமுமாக இருந்தால் கோப்பு ஏற்கெனவே கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, ஃபில்டர் போட்டு அந்த அம்புக்குறியை அழுத்திப் பார்ப்பது. உண்மையான தேதிகள் வருஷம், அதற்குள் மாதம் என்று மடித்து அடுக்கிக் காட்டப்படும். எழுத்தாக இருப்பவை கீழே தனித்தனி வரியாக வரும். பெரிய கோப்பில் எனக்கு இதுதான் வேகமான வழி. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்துப் பத்தியில் =ஈஸ்நம்பர்(ஏ2) என்று போட்டு இழுத்துவிடுங்கள். ஃபால்ஸ் என்று வந்த செல்லெல்லாம் எழுத்து.

அண்ணாச்சியின் கோப்பு மாதிரி ஒரு நாளும் விடாத பதிவு என்றால் இன்னும் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. =ஏ3-ஏ2 என்று போடுங்கள். விடை எப்போதும் 1 வர வேண்டும். ஜூன் 1, ஜூன் 2 என்று எழுதியவை ஜனவரி 6, பிப்ரவரி 6 என்று மாறியிருந்தால் விடை 31 வரும். அந்த 31-ஐக் கண்டதும் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

படி 1: எக்செல்லில் திறக்கும் முன் நோட்பேடில் திறங்கள்

சிஎஸ்வி கோப்பு வந்ததும் இரட்டைக் கிளிக் செய்வதுதான் எல்லாருடைய பழக்கமும். அதை விட்டுவிடுங்கள். வலது கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். அங்கே எழுத்து எழுத்தாகவே இருக்கும், யாரும் எதையும் ஊகிக்க மாட்டார்கள்.

அதில் நாள் எண் 12-க்கு மேல் உள்ள ஒரு தேதியைத் தேடுங்கள். அந்தத் தேதிதான் சாட்சி. 18/12/2023 என்று ஒரு வரி கிடைத்தால் போதும், முதலில் நாள், அப்புறம் மாதம் என்று தெரிந்துவிடும். 12/18/2023 என்று கிடைத்தால் அமெரிக்க வரிசை. இரண்டு வகையும் ஒரே கோப்பில் கிடைத்தால் இரண்டு பேர் இரண்டு கணினியிலிருந்து சேர்த்த கோப்பு அது. எந்த வரி யாருடையது என்று பிரிக்காமல் மேலே போகாதீர்கள்.

மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளுக்குள் எடுத்த சின்னக் கோப்பாக இருந்து சாட்சியே கிடைக்கவில்லை என்றால், எந்த ஃபார்முலாவும் உங்களுக்கு உதவாது. கோப்பைக் கொடுத்தவரிடம் கேட்பதுதான் ஒரே வழி. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வருஷம் இரண்டு இலக்கமா நான்கு இலக்கமா, பிரிப்பது சாய்வுக்கோடா, சிறுகோடா, புள்ளியா, நேரம் இருந்தால் 24 மணிக் கணக்கா ஏஎம் பிஎம் போட்டதா என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: திறக்காதீர்கள், இம்போர்ட் செய்யுங்கள்

எக்செல் 2016-க்குப் பிந்தைய பதிப்புகளில் பவர் குவெரி என்ற, தரவை ஏற்றி ஒழுங்குபடுத்தும் கருவி உள்ளேயே இருக்கிறது. வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்பதை அழுத்தி, கோப்பைக் காட்டுங்கள். ஒரு முன்னோட்டம் வரும். அதன் மேலே டேட்டா டைப் டிடெக்ஷன் என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு தேர்வுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. எல்லாப் பத்தியும் எழுத்தாகவே உள்ளே வரும்.

அப்புறம் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா. தேதிப் பத்தியின் தலைப்பில் வலது கிளிக் செய்து, சேஞ்ச் டைப், அதற்குள் கடைசியில் யூசிங் லொகேல். வகை டேட், லொகேல் இங்கிலீஷ் இந்தியா. இங்கே பலர் தடுமாறுவார்கள். அந்த லொகேல் நீங்கள் இருக்கும் நாட்டைக் கேட்கவில்லை. கோப்பில் தேதி எந்த நாட்டு வழக்கப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கிறது. வெளிநாட்டு மென்பொருளிலிருந்து மாதம் முதலில் வரும்படி வந்த கோப்பு என்றால், நீங்கள் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருந்தாலும் இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரிசையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் 12-க்கு மேற்பட்ட நாட்கள் உள்ள செல்களில் எர்ரர் என்று வரும். நல்லது. மென்பொருள் வாயைத் திறந்து தப்பு என்று சொல்கிற இடம் இது ஒன்றுதான். எர்ரரை நீக்கிவிட்டு மேலே போகாதீர்கள், லொகேலைச் சரிபாருங்கள்.

பழைய எக்செல்தான் இருக்கிறது, தேதி எழுத்தாக நிற்கிறது என்றால் டெக்ஸ்ட் டு காலம்ஸ் இருக்கிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் அதை அழுத்தி, டிலிமிட்டட், நெக்ஸ்ட், எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு மறுபடி நெக்ஸ்ட். மூன்றாவது திரையில் டேட் என்பதைத் தேர்ந்து டிஎம்ஒய் போட்டு ஃபினிஷ். இங்கேயும் டிஎம்ஒய், அதாவது நாள், மாதம், வருஷம் என்பது கோப்பில் இருக்கும் வரிசை. பத்தி முழுக்க எழுத்தாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். பாதி ஏற்கெனவே புரண்டுபோன பத்தியில் இதை நம்ப வேண்டாம், மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

எக்செல் மாதிரியே உள்ள லிப்ரே ஆஃபிஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை ரொம்பச் சுலபம். சிஎஸ்வியைத் திறந்தாலே டெக்ஸ்ட் இம்போர்ட் என்ற பெட்டி தானாக வரும். கீழே தெரியும் பத்தியின் தலைப்பைத் தொட்டு, காலம் டைப் என்பதில் டேட் டிஎம்ஒய் என்று கொடுத்தால் முடிந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பல கோப்புகளை முதலில் கால்க்கில் திறந்துவிட்டுத்தான் எக்செல்லுக்குக் கொண்டுபோவேன்.

கூகுள் ஷீட்ஸில் முதலில் ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா என்று மாற்றுங்கள். நேர மண்டலமும் அங்கேயே இருக்கும், அதையும் பாருங்கள். அதற்குப் பிறகு ஃபைல், இம்போர்ட். எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றலாமா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். வரிசை முக்கியம்: ஏற்றின பிறகு லொகேலை மாற்றினால் ஏற்கெனவே தப்பாகப் படித்த தேதி திருந்தாது.

விண்டோஸின் ரீஜன் அமைப்பை இந்தியா என்று வைத்துக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் அது உங்கள் கணினிக்கு மட்டும். கோப்பு நாளைக்கு இன்னொருவர் மேசையில் திறக்கப்படும்.

தேதியாகக் கூடாதவையும் தேதியாகும்

நம் பக்கத்தில் நிலப் பட்டியலோடு வருபவர்கள் அதிகம். சர்வே எண் 10/2 என்று தட்டினால் எக்செல் அதை பிப்ரவரி 10 ஆக்கிவிடும். அமெரிக்க அமைப்பில் அக்டோபர் 2. எப்படிப் பார்த்தாலும் உட்பிரிவு போய்விட்டது. 245/2 தப்பிக்கும், 10/2 மாட்டும். அதனால் பட்டியலில் சில எண்கள் மட்டும் கெட்டுப்போய், ஓரப்பார்வைக்குத் தெரியாமல் இருக்கும். கதவு எண் 5-6 என்பதும் இப்படித்தான். இந்த மாதிரிப் பத்திகளை ஏற்றும்போதே டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள். கையால் தட்டுவதாக இருந்தால் முதலில் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. சில மனித மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்கள் மார்ச் 1, செப்டம்பர் 1 மாதிரி இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, கடைசியில் 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டதாக அறிவித்தது.

படி 3: புள்ளி வைத்த தேதி, புள்ளி வைத்த நேரம்

தமிழில் நாம் தேதியை 01.06.2025 என்றும் நேரத்தை 8.30 என்றும் புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். அரசு அலுவலகத் தாள்களிலும் புள்ளிதான். இந்திய அமைப்புள்ள எக்செல்லில் 01.06.2025 எழுத்தாகவே நிற்கும். ஒரு வகையில் அது நமக்கு நல்லது, புரண்டுபோகாது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டுப் புள்ளியைச் சாய்வுக்கோடாக மாற்றாதீர்கள். மாற்றிய மறுநொடி எக்செல் அதை மறுபடி ஊகிக்கத் தொடங்கும். அதற்குப் பதில் இந்த ஃபார்முலா:

=டேட்(ரைட்(ஏ2,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2))

வலது ஓரத்து நான்கு எழுத்து வருஷம், நான்காவது எழுத்திலிருந்து இரண்டு மாதம், இடது ஓரத்து இரண்டு நாள். எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே விடை, இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. 1.6.2025 என்று ஒற்றை இலக்கத்தில் எழுதியிருந்தால் மட்டும் எழுத்தின் இடம் மாறும். அப்படிப்பட்ட கோப்புக்குப் பவர் குவெரியில் புள்ளியை வைத்து மூன்று பத்தியாகப் பிரித்துவிடுவதே பத்திரம். முன்னால் பின்னால் வெற்றிடம் ஒட்டியிருந்தால் டிரிம் போட வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய தரவு என்றால் டிரிமுக்கும் அசையாத ஒரு வெற்றிடம் இருக்கும், அதற்கு =சப்ஸ்டிட்யூட்(ஏ2,கேர்(160),"").

நேரத்தில் புள்ளி வைத்தால் நிலைமை வேறு. 8.30 என்பதை எக்செல் எட்டரை மணி என்றெல்லாம் பார்க்காது, வெறும் 8.3 என்ற எண்ணாக வைத்துக்கொள்ளும். அதை நேரமாக வடிவம் மாற்றினால் 8 நாளும் 7 மணிச் சொச்சமும் ஆகும். சரிசெய்ய:

=டைம்(இன்ட்(ஏ2),ரவுண்ட்((ஏ2-இன்ட்(ஏ2))*100,0),0)

மாலை 6.15 என்று பக்கத்துப் பத்தியில் காலை, மாலை என எழுதியிருந்தால், மாலைக்கு 12 கூட்ட வேண்டும். நண்பகல் 12-க்கு மட்டும் கூட்டக் கூடாது.

படி 4: ஐந்தரை மணி நேரம்

செயலிகளும் இணையப் படிவங்களும் தரும் கோப்பில் நேரம் 2025-06-01T22:40:00Z என்கிற மாதிரி வரும். இங்கே ஆங்கில எழுத்தாகவே தர வேண்டியதாகிவிட்டது, கோப்பில் அது அப்படித்தான் கண்ணில் படும். கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை எழுத்து, இது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆக அது ஜூன் 1 இரவு 10.40 இல்லை, ஜூன் 2 விடியற்காலை 4.10.

பகலில் மட்டும் வேலை நடக்கிற இடத்தில் இது தெரியவே தெரியாது. பால் சங்கத்தில் தெரியும். காலைப் பால் ஐந்து மணிக்கு ஊற்றத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.10-க்கு ஊற்றினவருடைய பால் பொது நேரத்தில் முந்தின நாள் இரவு 11.40. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று 5.35-க்கு ஊற்றினவருடைய பால் அன்றைய நாள் நள்ளிரவு 12.05. ஒரே வரிசை, ஒரே காலை, கணக்கில் இரண்டு நாள். தினமொத்தம் போட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பால் முந்தின நாளுக்கு ஒழுகிப்போயிருக்கும். மாதமொத்தம் ஏறக்குறைய சரியாகவே வருவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விடியுமுன் வியாபாரம் முடிந்துவிடும் பூ மார்க்கெட்டுக்கும் இதே கதைதான்.

அந்த எழுத்தைத் தேதி நேரமாக மாற்ற:

=டேட்(லெஃப்ட்(ஏ2,4),மிட்(ஏ2,6,2),மிட்(ஏ2,9,2))+டைம்(மிட்(ஏ2,12,2),மிட்(ஏ2,15,2),மிட்(ஏ2,18,2))+டைம்(5,30,0)

ஐந்தரை மணியைக் கூட்டின பிறகுதான் நாளைப் பிரிக்க வேண்டும். முதலில் நாளைப் பிரித்துவிட்டு அப்புறம் கூட்டினால் பயனில்லை. கூட்டும் முன் கோப்பில் அந்தக் குறி உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் +05:30 என்று நின்றால் அது ஏற்கெனவே நம் நேரம், மறுபடி கூட்டக் கூடாது.

சில கோப்பில் தேதியே இருக்காது, பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள். =ஏ2/86400+25569+டைம்(5,30,0) போட்டால் நம் நேரம் வரும். 25569 என்பது எக்செல் கணக்கில் அந்த 1970 ஜனவரி 1. எண் பதின்மூன்று இலக்கமாக இருந்தால் அது மில்லி விநாடி, 86400-க்குப் பதில் 86400000-ஆல் வகுக்க வேண்டும்.

இரவில் கிளம்பி மறுநாள் சேரும் லோடுகளுக்கு இன்னொரு சின்ன விஷயம். களக்காட்டிலிருந்து வாழைத்தார் லாரி இரவு 10 மணிக்குக் கிளம்பி விடிகாலை 5 மணிக்குச் சேர்கிறது, தேதி எழுதவில்லை, நேரம் மட்டும்தான் என்றால், கழித்தால் எதிர்மறை விடை வந்து செல் முழுக்க வேலிக் குறியாக (#) நிரம்பும். =மாட்(பி2-ஏ2,1) என்று போட்டால் 7 மணி நேரம் என்று சரியாக வரும். கூட்டிய மணி 24-ஐத் தாண்டும் இடத்தில், மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்து வடிவம் கொடுங்கள். இல்லாவிட்டால் 30 மணி நேரம் 6 மணி நேரமாகத் தெரியும்.

தேதி சரி, பொருள் வேறு

மழைக் கணக்கு எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு நாள் மழை என்று பதிவாவது, அன்று காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரத்தில் பெய்தது. 2023 டிசம்பரில் நெல்லையையும் தூத்துக்குடியையும் மூழ்கடித்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது டிசம்பர் 18 காலை வரை உள்ள 24 மணி நேரத்துக்கு. பதிவுத் தேதி 18. ஆனால் கொட்டியதில் பெரும்பகுதி 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அணைக்கு வந்த நீரோடு இதைப் பக்கத்தில் வைத்து வரைபடம் போடும்போது ஒரு நாள் பிசகு தெரியும். அது தரவை ஏற்றியதில் வந்த பிழை இல்லை, அளவெடுக்கும் முறை.

நான் இதற்கு இரண்டு பத்தி வைப்பேன். ஒன்று பதிவுத் தேதி, இன்னொன்று மழை நாள், அது முதலாவதிலிருந்து 1 கழித்தது. தலைப்பிலேயே அதை எழுதிவிடுவேன். பதிவுத் தேதியையே அமைதியாக மாற்றிவிட்டால் அடுத்து வருபவர் இன்னொரு தடவை கழித்துவிடுவார்.

கொல்லம் ஆண்டு, பழைய பதிவேடு, இரண்டு இலக்க வருஷம்

நெல்லைச் சீமைக் கல்யாணப் பத்திரிகையில் கொல்லம் 1199-ம் ஆண்டு ஆவணி மாதம் என்று போடுவது இன்றும் உண்டு. பழைய ஓலைகளிலும் ஆவணங்களிலும் இதுதான். இவற்றைக் கணினியில் ஏற்றுபவர்கள் கொல்லம் தேதியைத் தேதிப் பத்தியில் தட்டவே கூடாது. 1199 என்று தட்டி, செல் தேதி வடிவத்தில் இருந்தால், 1903 ஏப்ரல் 13 என்று வந்து நிற்கும். கொல்லம் தேதி தனி எழுத்துப் பத்தியில் இருக்கட்டும். ஆண்டை மாற்ற, ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நாளுக்குப் பஞ்சாங்கம்தான் பார்க்க வேண்டும். தமிழ் மாதம் 29 நாளும் உண்டு, 32 நாளும் உண்டு, ஃபார்முலாவுக்குள் அடங்காது.

1900-க்கு முந்தின பதிவேடுகளும் நம் பக்கத்தில் நிறைய. பாளையங்கோட்டை, இடையன்குடி பக்கத்துப் பழைய தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பார்த்து வம்சாவளி எழுதுபவர்கள் உண்டு. எக்செல்லுக்கு 1900-க்கு முன் காலமே கிடையாது, எழுத்தாக வைத்துவிடும். வருஷம், மாதம், நாள் என்று மூன்று எண் பத்தியாக எழுதுங்கள். வரிசைப்படுத்தவும் தேடவும் அதுவே போதும்.

வருஷத்தை இரண்டு இலக்கமாக எழுதினால் எக்செல் ஒரு எல்லைக்கோடு வைத்திருக்கிறது. பெரும்பாலும் 29 வரை 2000-களில் சேரும், 30 முதல் 1900-களில். சில கணினிகளில் அந்தக் கோடு வேறு இடத்தில் இருக்கும். முதியோர் பட்டியலில் 12/08/28 என்று இருந்தால் 1928-ல் பிறந்த தாத்தா 2028-ல் பிறக்கப்போகிறவராகிவிடுவார். பிறந்த தேதி உள்ள கோப்பு எதுவானாலும் நான்கு இலக்கம் கேட்டு வாங்குங்கள்.

பழைய மேக் கணினிகளில் உருவான எக்செல் கோப்பிலிருந்து தேதிகளை ஒட்டும்போது எல்லாம் 4 வருஷமும் ஒரு நாளும் பிசகினால் பயப்பட வேண்டாம். அவை 1904 முதல் எண்ணுபவை. 1462 கூட்டினால் அல்லது கழித்தால் சரியாகும்.

படி 5: மூலக் கோப்பே இல்லை என்றால்

அண்ணாச்சி விஷயத்தில் மகளின் செல்போனில் மூலம் இருந்தது, அதனால் பிழைத்தோம். இல்லாதவர்களுக்கு ஒரு மீட்பு ஃபார்முலா:

=இஃப்(ஈஸ்நம்பர்(ஏ2),டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மன்த்(ஏ2)),டேட்(ரைட்(ஏ2,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2)))

எண்ணாக மாறிய செல்லில் நாளையும் மாதத்தையும் திருப்பி வைக்கும், எழுத்தாக நின்றதை நேராக மாற்றும். இது சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. இடையில் யாரும் கையால் ஒன்றிரண்டு தேதியைத் திருத்தியிருக்கக் கூடாது. திருத்தியிருந்தால் நல்லதை இது கெடுத்துவிடும். பழைய பத்தியை அழிக்காமல் பக்கத்தில் புதுப் பத்தியில் போடுங்கள்.

படி 6: சரிபார்ப்பதும் சேமிப்பதும்

முதலில் =கவுன்ட் போட்டு எண்களையும் =கவுன்ட்ஏ போட்டு நிரம்பிய செல்களையும் எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ எழுத்து மிச்சம் இருக்கிறது. அப்புறம் =மின், =மேக்ஸ். இன்னும் வராத நாள் ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கிழமை இன்னும் கூர்மையான சாட்சி. மேலப்பாளையம் ஆட்டுச்சந்தை செவ்வாய்க்கிழமை. அங்கே வாங்கி விற்ற கணக்கில் =வீக்டே(ஏ2) போட்டால் 3 வர வேண்டும். ஞாயிறு 1 என்று எண்ணினால் செவ்வாய் 3. வெள்ளியும் புதனுமாக வந்தால் நாளும் மாதமும் மாறியிருக்கிறது. உங்கள் தரவில் கிழமை சம்பந்தப்பட்ட ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். ஞாயிறு விடுமுறை, வாரச் சம்பளம், வாரச் சந்தை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சேமிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சிஎஸ்வியாகச் சேமித்தால் எக்செல் உள்ளே இருக்கும் எண்ணை எழுதாது, திரையில் தெரிவதை எழுதும். திரையில் 01-06-25 என்று தெரிந்தால் நான்கு இலக்க வருஷம் அங்கேயே போயிற்று. விநாடி காட்டாத வடிவம் என்றால் விநாடியும் போயிற்று. அதனால் சேமிக்கும் முன் பத்தி முழுவதையும் வருஷம் நான்கு இலக்கம், சிறுகோடு, மாதம் இரண்டு, சிறுகோடு, நாள் இரண்டு என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். 2025-06-01. ஐஎஸ்ஓ 8601 என்ற பெயரில் 1988-ல் வந்த உலகத்தரம் அது. எந்த நாட்டுக் கணினியும் இதை ஜனவரி 6 என்று படிக்காது. எழுத்தாக நின்றால்கூட அகரவரிசை போட்டாலே காலவரிசை வந்துவிடும்.

சேமித்த சிஎஸ்வியைச் சரிபார்க்க எக்செல்லில் திறந்து, வழக்கம்போல சேவ் அழுத்திவிடாதீர்கள். திறந்ததும் உங்கள் கணினியின் வழக்கப்படி தேதி மறுபடி தெரியும், சேவ் செய்தால் அந்த வடிவம்தான் கோப்பில் ஏறும். பார்ப்பதானால் நோட்பேடில் பாருங்கள். மூலக் கோப்பை வேறு பெயரில் தனியாக, தொடாமல் வையுங்கள்.

அண்ணாச்சி கோப்பை அன்று மாலையே மறுபடி ஏற்றினோம். நாள் வித்தியாசப் பத்தி மேலிருந்து கீழ்வரை 1, 1, 1 என்று ஓடியது, ஓரிடம் தவிர. அங்கே 2. அவர் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார். தங்கச்சி மகன் கல்யாணத்துக்குத் தென்காசி போன நாள், அன்று எழுதவில்லை. அந்த வரியை வெறுமையாகவே விட்டு, தேதியை மட்டும் போட்டோம்.